விளக்கு வைத்ததும் சுற்றும் வட்டம்: தோட்டப்பாளையத்தில் ஒரு ரவுட்டர் விசாரணை

மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த வாரம். ராத்திரி எட்டேகாலுக்கு ஒரு போன்.

"தம்பி, வட்டம் சுத்திக்கினே கீதுப்பா. ஒரு ஓவர் ஒழுங்கா பாக்க முடியல. நாளைக்கு வந்து நல்ல ரவுட்டரா ஒண்ணு மாட்டிக் குடு. ஆறாயிரம் ஆனாலும் பரவால்ல. ஆறு கொம்பு வெச்சது ஒண்ணு கடையில சொல்லி வெச்சிருக்கேன்."

பேசியவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில். எனக்குத் தொழில் சிசிடிவி, நெட்வொர்க் வேலை. அவர் வீட்டுக் கொல்லையில் கேமரா மாட்டிய வகையில் பழக்கம். வட்டம் என்றது டிவியில் படம் வராமல் நிற்கும்போது சுற்றும் அடையாளத்தை, கொம்பு என்றது ஆன்டெனாவை. அந்த ஆறு கொம்பை மறுநாளே வாங்கி மாட்டியிருந்தால் எனக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் நின்றிருக்கும். வட்டம் மட்டும் நின்றிருக்காது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் இருந்து பார்த்தால் பதினாலு அடி அகலம்தான். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீளும்: திண்ணையை அடைத்துக் கட்டிய முன் அறை, அடுத்து நடை, நடுக்கூடம், சமையல்கட்டு, கடைசியில் கொல்லை. கீழ்த்தளச் சுவர்கள் சாருடைய தாத்தா காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். ஒன்றரை அடி கனம். நடுக்கூடத்துக்கு மேலே பின்னாளில் கான்கிரீட் போட்டு மாடி அறை எழுப்பியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் மகள் பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். எதிர் வரிசையிலும் பக்கத்திலும் லாட்ஜ்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று தூரத்தில் இருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் அறைகள் அவை. அந்தப் பக்கத்துக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து சாதாரணம். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு லாட்ஜிலும் மாடிக்கு ஒரு வைஃபை இருக்கும் என்பது பின்னால் வேண்டியிருக்கும்.

ஃபைபர் ஒயர் கம்பத்தில் இருந்து முன் அறைக்குள் வருகிறது. செருப்பு அலமாரிக்கு மேலே, 'அசிங்கமாத் தெரிய வேணாம்' என்று அடித்த பிளைவுட் பெட்டிக்குள், கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள் மோடத்தை. வீட்டு வைஃபையும் அதில் இருந்துதான். டிவி இருப்பதோ நடுக்கூடத்தில். நடுவே இரண்டு கனத்த சுவர்.

நான் போவதற்கு முன்பே இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. ஜனவரியில் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் சொன்னபடி 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) பேக்கை 200 ஆக ஏற்றினார்கள். ஜிஎஸ்டியோடு மாதம் 236 ரூபாய் கூடுதல். மார்ச்சில் லைன்மேன் வந்து ஃபைபர் ஒயரின் பச்சை பிளக்கை மாற்றிக் கட்டிவிட்டுப் போனார். எதற்கும் வட்டம் அசையவில்லை.

வெளியே இருந்து வருவது

முதலில் ஃபைபர். மோடத்தின் உள் பக்கத்தைத் திறந்தால் வந்து சேரும் ஒளியின் அளவு தெரியும். இந்த வீட்டில் மைனஸ் 21.6 டிபிஎம்; மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் ஒளி குறைவு என்று அர்த்தம். இந்த வகை இணைப்பில் மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடம் தடுமாறும். மைனஸ் 8-ஐத் தாண்டினால் ஒளி அதிகமாகிக் கண் கூசும். மைனஸ் 21 நிம்மதியான இடம். ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளி வீட்டுக்கு வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளி திரும்பிப் போகிறது. வரும் வழியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 2.5 கிகாபிட், அதாவது 2,500 எம்பிபிஎஸ். அதை முப்பத்திரண்டு, அறுபத்துநாலு வீடுகள் என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பங்கு போட்டாலும் நமக்கு வர வேண்டியது வருகிறதா என்பதுதான் கேள்வி. மோடத்துக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தால் 194. ராத்திரி எட்டரைக்கும் 190-க்குக் குறையவில்லை.

ஆக லைன்மேன் பேரில் குற்றம் இல்லை. பிளக் மாற்றியது தேவையில்லாத வேலை, அவ்வளவுதான்.

படம் ஓட எவ்வளவு வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேக் விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் என்கிறது. யூடியூப் 4கே-க்கு 20 கேட்கிறது. இந்த வீட்டில் டிவியில் 4கே ஓடி, இரண்டு போனில் வீடியோ ஓடி, மாடியில் மீட்டிங்கும் நடந்தால்கூட 50-ஐத் தொடாது. நூறே தாராளம். இருநூறுக்கு ஏற்றியபோது பணம் போனது, வேறு எதுவும் நடக்கவில்லை.

சார் இன்னொரு சந்தேகம் கேட்டார். "பழைய படம் போட்டா நல்லா ஓடுது தம்பி. மேட்சு போட்டா மட்டும் சுத்துது. மேட்சு காட்டுறவன் சர்வரு சரியில்லையோ?" நியாயமான சந்தேகம்தான், ஆனால் விஷயம் வேறு. படத்தைப் போட்டால் ஆப் அடுத்து வரப்போகிற காட்சிகளை முன்கூட்டியே இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நடுவில் பத்து விநாடி நெட் தடுமாறினாலும் கையிருப்பில் ஓட்டிவிடும். நேரலையில் அது முடியாது. இன்னும் போடாத பந்தை எங்கிருந்து இழுத்து வைப்பது? கையிருப்பு சில விநாடிதான். அதனால் வீட்டு வைஃபையில் இருக்கும் சின்ன நோய்கூட மேட்ச் ஓடும்போதுதான் வெளியே தெரியும்.

டிவி உட்கார்ந்திருக்கும் இடத்தில்

ரவுட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, மோடத்துக்குப் பக்கத்தில் நின்று வேகம் பார்ப்பது. படம் பார்ப்பது அங்கே இல்லையே. லேப்டாப்பை டிவி ஸ்டாண்டிலேயே வைத்து மதியம் இரண்டரைக்கு அளந்தேன். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கே வந்து சேரவே இல்லை என்று சொல்லலாம்: சிக்னல் மைனஸ் 83. 2.4-இல் மைனஸ் 74, வேகம் 28 எம்பிபிஎஸ். வீடியோவுக்கு மைனஸ் 67-க்கு மேலே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. மைனஸில் சொல்வதால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைகிறது. சாருக்கு இது புரிய இரண்டு டீ ஆனது.

சுற்றுவட்டார வைஃபைகளைத் தேடினால் 2.4-இல் 27 பெயர்கள். லாட்ஜ் பெயரும் மாடி எண்ணுமாக வரிசை. 2.4 பட்டை மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ், ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். 27 பேரும் அந்த மூன்று வாசலில்தான் நிற்கிறார்கள். சிலர் 3, 8 என்று நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்தையும் கெடுக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 2018 அக்டோபரில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அங்கே தேடினால் முன் அறையில் நாலு பெயர், நடுக்கூடத்தில் பக்கத்து வீட்டுடையது ஒன்று. கனத்த சுவர் அங்கே நமக்குக் காவல்.

அப்புறம் டிவியின் மாடல் எண்ணைத் தேடி விவரத்தைப் பார்த்தேன். 2019-இல் வாங்கிய 43 இஞ்ச். 4கே காட்டும். ஆனால் அதன் வைஃபை 2.4 மட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் காதில் விழாது. ஆறு கொம்பு வைத்தாலும் அறுபது கொம்பு வைத்தாலும் இந்த டிவி அந்த 27 பேர் கூட்டத்துக்குள் நின்றுதான் கேட்கும். இதைச் சொன்னதும் சார் கடைக்குப் போன் போட்டு அந்த ஆறாயிரத்து ரவுட்டரை வேண்டாம் என்றார். ஒரு வேலை முடிந்தது.

ஆனாலும் 28 எம்பிபிஎஸ் வருகிற இடத்தில் மேட்ச் சுற்றக் கூடாது. மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே என்னவோ நடக்கிறது. லாட்ஜ் அறைகளில் எல்லோரும் ராத்திரி போன் பார்ப்பார்கள், அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சாரின் டைரி என்னைக் காப்பாற்றியது.

டைரி

கிளார்க் உத்தியோகப் பழக்கம். வட்டம் சுற்றத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், தேதியோடு பச்சை மையில் இரண்டு மாதத்துக்கு எழுதி வைத்திருந்தார். புகார் கொடுக்கும்போது ஆதாரம் வேண்டும் என்று. 6.45 முதல். 6.40 முதல். 6.50 முதல். நின்ற நேரம் பத்து, பத்தரை. ஏப்ரலில் அடுத்தடுத்து இரண்டு நாள் மட்டும் "சுற்றவில்லை" என்று ஒற்றை வார்த்தை, அடிக்கோட்டோடு.

லாட்ஜ் கூட்டம் என்றால் இவ்வளவு திட்டமாக ஆறே முக்காலுக்குத் தொடங்காது. பத்தரைக்கு நிற்கவும் நிற்காது. உறவுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நடுநிசி வரை போன் பார்ப்பார்கள்.

"அந்த ரெண்டு நாள் இன்னா நடந்துச்சு?" என்று கேட்டேன். சாருக்கு நினைவில்லை. சமையல்கட்டில் இருந்து சாரின் வீட்டம்மா குரல் கொடுத்தார்: "பின்னாடி பல்பு பீஸ் பூடுச்சே. ரெண்டு நாளு கொல்ல இருட்டாத்தானே கெடந்துச்சு. நாலு தபா சொன்னப்பறம்தான் உங்க சாரு புது பல்பு வாங்கியாந்தாரு."

எனக்கு அந்த இடத்திலேயே வயிற்றைக் கலக்கியது. கொல்லையில் பல்புக்கு ஒரு முழம் தள்ளித்தான் கேமரா இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அதை மாட்டியவன் நான்.

சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். லேப்டாப்பில் இரண்டு ஜன்னல். ஒன்றில் மோடத்துக்கே பிங், அதாவது வீட்டுக்குள்ளேயே போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று. இன்னொன்றில் வெளி உலகத்துக்கு. வீட்டுக்குள் போய்வருவதே தடுமாறினால் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. இந்த ஒரு சோதனையைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வாடிக்கையாளர் சேவை அழைப்புகள் மிச்சம். ஆறரைக்கு மோடத்துக்குப் போய்வர 4, 5 மில்லி செகண்ட். அம்மா விளக்கு ஏற்றினார், சாமி மாடத்தில் ஊதுபத்தி வைத்தார், கொல்லை ஸ்விட்சைப் போட்டார். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பல்பைச் சுற்றிப் பூச்சி சேர்ந்தது. பிங் 60 ஆனது, 180 ஆனது, 410-ஐத் தொட்டது. டிவியில் வட்டம்.

கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன். பிங் 9. வட்டம் காணாமல் போனது.

நடந்தது இதுதான். அந்தக் கேமரா அசைவு தெரிந்தால் படத்தைக் கிளவுடுக்கு, அதாவது நெட் வழியாக வெளியே இருக்கும் சர்வருக்கு, அனுப்பும். பகலில் எப்போதாவது ஒரு பூனை. இருட்டினால் பல்பைச் சுற்றும் ஒவ்வொரு பூச்சியும் அதற்கு ஒரு திருடன், அனுப்பிக்கொண்டே இருந்தது. போதாததற்கு இருட்டில் எந்தக் கேமராவின் படத்திலும் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால் சுருக்க முடியாமல் படத்தின் கனம் கூடும். பத்தரைக்கு அம்மா கொல்லை விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார். வட்டமும் படுத்துவிடும்.

இரண்டு, மூன்று எம்பிபிஎஸ் அனுப்பும் ஒரு கேமரா, 200 எம்பிபிஎஸ் வீட்டை எப்படி முடக்கும்? வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அடிபடுவது எத்தனை பிட் என்பதில் இல்லை, எவ்வளவு நேரம் பிடிக்கிறார் என்பதில். கொல்லையில் கேமராவுக்குச் சிக்னல் மைனஸ் 81. அவ்வளவு பலவீனத்தில் அது மோடத்தோடு பேசியது 6.5 எம்பிபிஎஸ் வேகத்தில். ஒற்றை ஆன்டெனா வைஃபை 4 (பழைய தலைமுறை வைஃபை) கருவிக்கு அதுதான் அடிமட்டம். அதிலும் பாதி போய்ச் சேராமல் திரும்பத் திரும்ப அனுப்பும். மோடத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இதே படத்தை 65-இல் அனுப்பிவிட்டு, பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வாயை மூடியிருக்கும். காட்பாடி மேம்பாலத்தில் செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனால் பின்னால் வரும் பஸ், கார், ஆம்புலன்ஸ் எல்லாம் அதன் வேகத்தில்தானே ஊர வேண்டும்? பெங்களூர் பைபாஸ் ஆறு வழிச் சாலையாக இருந்து அந்த நேரத்தில் என்ன பயன். பேக்கை 200 ஆக்கியது பைபாஸை அகலப்படுத்திய மாதிரி.

அந்தக் கேமராவின் வாலில் லேன் கேபிள் பிளக் இருக்கிறது. மாட்டிய அன்று கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு வைஃபையில் சேர்த்துவிட்டேன். சிக்னல் இரண்டு கோடு காட்டியது, படம் வந்தது, காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டி மேல் எழுதியிருக்கும் எண்

கேமராவை மட்டும் சரி செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாடியில் மகளுக்கு மீட்டிங்கில் குரல் விட்டு விட்டுக் கேட்டது, நடுக்கூடத்தில் போன்களுக்கு 2.4-தான் கதி. ரவுட்டர் தேவைதான். ஆறு கொம்பு தேவையில்லை.

வாங்கும் முன் ஒத்திகை பார்த்தேன். கடையில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்துப் போய், முன் அறையில் இருந்து நடுக்கூடம் வரை தரையிலேயே கேபிளைப் போட்டு, டிவிக்கு மேலே அலமாரியில் வைத்து ஒரு நாள் ஓட விட்டேன். அம்மா மூன்று தடவை தடுக்கினார். ஆனால் மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 62 வந்தது. நேர் மேலே ஒரே ஒரு தளம் என்பதால் கான்கிரீட்டும் மன்னித்தது. இடம் முடிவானது. இடம் முடிவான பிறகுதான் எந்தப் பெட்டி என்ற பேச்சு.

சுவரைத் துளைக்காமல் வயர்லெஸ்ஸாகவே இரண்டு பெட்டி வைக்கலாமே என்று மகள் கேட்டார். மெஷ் என்று விளம்பரம் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேச வேண்டியதும் அதே ஒன்றரை அடிச் சுவர்கள் வழியாகத்தான். புது அபார்ட்மென்ட் என்றால் சரி என்றிருப்பேன். மலிவு விலை எக்ஸ்டெண்டர்களைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் பாதி நேரம் அதிலேயே போகும். நெரிசலான 2.4-இல் இன்னொரு வாய்.

கடையில் மூன்று பெட்டிகள் பார்த்தோம். சாரும் கூட வந்தார், டைரியோடு.

முதல் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1200. விலை குறைவு. அந்த 1200 என்பது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி மேலே தூக்கிப் போட்ட கணக்கு. ஒரு போனும் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடாது. அது போகட்டும். பின்பக்கம் பார்த்தால் லேன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ். அதாவது உள்ளே நுழைகிற வாசலே 94, 95-க்கு மேல் விடாது. காற்றில் 867 பேசி என்ன செய்ய? பெட்டியின் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். 'கிகாபிட்' என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று. சாரிடம் இதைச் சொன்னதும் கடைப் பையனைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிக் காட்டச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது பெட்டி 3000. அதில் 2402 என்பது 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில். எதிர்முனைக் கருவிக்கும் அந்த அகலம் தெரிந்திருக்க வேண்டும். இந்த வீட்டுப் போன்கள் எதற்கும் தெரியாது.

எடுத்தது நடுவில் இருந்த வைஃபை 6 ரவுட்டர், ஏஎக்ஸ்1500 வகை, எல்லாப் போர்ட்டும் கிகாபிட், 2,850 ரூபாய். இதிலும் ஒரு சூது உண்டு, தெரிந்தே எடுத்தேன். இந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை 6 என்பது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும், 2.4-இல் பழைய வைஃபை 4-தான். இரண்டிலும் 6 வேண்டுமென்றால் 1800 வகைக்குப் போக வேண்டும். இந்த வீட்டில் 2.4-ஐ நம்பி இனி முக்கியமான எதுவும் இருக்கப்போவதில்லை என்பதால் அந்தக் கூடுதல் பணம் வேண்டாம் என்றேன். தெருவிலேயே தனியாக நிற்கும் பெரிய வீடு, தோட்டம் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

கொம்புகள் பற்றியும் கடைப் பையனோடு ஒரு சின்ன வாக்குவாதம். ஆன்டெனா கூடினால் தூரம் கூடும் என்றான். ரவுட்டரின் குரல் ஓங்கலாம். போன் திருப்பிச் சொல்வதை அது கேட்க வேண்டுமே. போனுக்குள் இருப்பது இரண்டு சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. அது அப்படியேதான் இருக்கும்.

எட்டு நிறம்

கேபிள் இழுப்பதுதான் இந்த வேலையில் உடம்பு நோகும் பகுதி. சாமி மாடம் இருக்கும் சுவரில் துளை போட அம்மா விடவில்லை. நல்லதாகப் போயிற்று, என்னிடம் இருந்த துளைக்கம்பி ஒரு அடிதான், இரண்டு பக்கமும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பது சுண்ணாம்புச் சுவரில் ஜோசியம். பழைய வீடுகளில் வாசற்காலுக்கு மேலே காற்றுக்கு விட்ட வென்டிலேட்டர் இருக்கும். அதன் வழியாகவே முன் அறையில் இருந்து நடை, நடையில் இருந்து கூடம் என்று கேட்6 கேபிளைக் கொண்டு போனேன்.

முனையில் பிளக் அடித்தேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நாற்பது வயதுக்கு மேல் ராத்திரி டியூப்லைட்டில் வெள்ளை-பழுப்பும் வெள்ளை-ஆரஞ்சும் ஒரே நிறம்தான். மாட்டினேன், நெட் வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வேகம் 94.

94 என்ற எண்ணைப் பார்த்ததும் இந்தத் தொழிலில் இருப்பவன் நெட்டைச் சந்தேகப்பட மாட்டான், கம்பியைத்தான் பார்ப்பான். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்று நாலே போதும். ஏதோ ஒரு கம்பி சேராமல் போனால் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசி பழுப்புக் கம்பி அரை மில்லிமீட்டர் பின்வாங்கி, தகட்டுக்கு எட்டாமல் நின்றது. வெட்டிவிட்டு மறுபடி அடித்தேன். 193.

மோடத்தில் மாட்டும் முனையிலும் ஒரு பொறி. அதன் நாலு போர்ட்டில் முதலாவது மட்டும்தான் கிகாபிட். மற்ற மூன்றும் 100. வசதியாக எட்டும் கடைசி ஓட்டையில் குத்தினால் இத்தனை உழைப்பும் அங்கே செத்துவிடும்.

புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபை பரப்பும் வேலைக்கு, மட்டும் வைத்தேன். லேண்ட்லைன் போன் மோடத்தில் இருக்கிறது, அதன் அமைப்பைக் கலைத்தால் வீட்டு நம்பர் போய்விடும். கருவிகளுக்கு நெட் முகவரி கொடுக்கும் வேலை மோடத்திடமே இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் அந்த வேலையைச் செய்தால் சில ஆப்கள் குழம்பும். மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன். டிவிக்கு ரவுட்டரில் இருந்து நாலு மீட்டர் கேபிள். அந்த டிவியின் லேன் போர்ட்டும் 100-தான், விலை உயர்ந்த 4கே டிவிகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். 20 கேட்கும் படத்துக்கு 94 கிடைக்கிறது. சண்டை எதற்கு. மாடி மேஜைக்கு ஒரு கேபிள். கொல்லைக் கேமராவுக்கு ஒன்று. அந்தக் கேமராவின் அமைப்பில் பல்பு தெரியும் மூலையை அசைவுக் கணக்கில் இருந்து விலக்கிவிட்டேன்.

பிளைவுட் பெட்டியின் கதவைக் கழற்றினேன். வீட்டு ரவுட்டர், மோடங்களின் விவரத்தாளில் பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். வேலூர் மே மாதத்தில் அது நிழலில் நிற்பவனுக்கே இல்லாத சலுகை; மூடிய பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். மதியம் மூன்று மணி வாக்கில் மோடம் தானாக அணைந்து எழுவதாகச் சொல்லியிருந்தார்கள். கதவு போன பிறகு அது நடக்கவில்லை. கரண்ட் போனால் இரண்டு பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டு நெட் வரவில்லை என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். வாங்கவில்லை. பார்க்கலாம்.

சமையல்கட்டில் போன் இன்னும் சுமார்தான். அம்மா அங்கே சீரியல் பார்ப்பதில்லை, ரேடியோதான். விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கணக்குத் தீர்க்கப் போனேன். கொல்லை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பூச்சி சுற்றிக்கொண்டிருந்தது, மோடத்துக்கு பிங் 1 மில்லி செகண்ட். பேக்கை 100-க்கே இறக்கச் சொல்லிப் போன் செய்துவிட்டிருந்தார். பில்லை நீட்டினேன். ரவுட்டர் 2,850. கேபிள் 35 மீட்டர், மீட்டர் 22 வீதம் 770. பிளக், கிளிப், கேசிங் 230. கூலி 900. ஆக 4,750.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "கொல்லைக்குப் போன ஒயரு இதுல இல்லியே தம்பி. பதினஞ்சு மீட்டருக்கு மேல இருக்குமே."

சொல்லிவிட்டேன். அன்றைக்கு வைஃபையில் சேர்த்தது என் சோம்பல்தான் என்று. அதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை என்று.

ஒன்றும் பேசாமல் டைரியைப் புரட்டினார். "ஜனவரிலேருந்து இந்த மாசம் முட்டும் அஞ்சு மாசம். மாசத்துக்கு இருநூத்தி முப்பத்தாறு. ஆயிரத்து நூத்தி எம்பது ரூபா பூச்சிக்கு கட்டிக்கீறேன். அத்த இன்னா பண்றது?"

பேனாவை வாங்கிக் கூலி என்ற வரியை அடித்தேன்.

"மீதி இருநூத்தி எம்பது?"

அதற்குள் நடுக்கூடத்தில் டாஸ் போட்டுவிட்டார்கள். எழுந்து போய்விட்டார்.